படகு ஜெனரேட்டரில் குளிர்விப்பு நீர்க் கோளாறு: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

படகை ஓட்டும் எஞ்சினின் வேகம் அடிக்கடி மாறும். அதைக் குளிர்வித்துவிட்டுப் புகைக்குழாய் வாயில் விழும் கடல்நீரும் அதற்கேற்பக் கூடும், குறையும். ஜெனரேட்டர் அப்படியல்ல. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும். இரண்டு துருவம் என்றால் 3000. 60 ஹெர்ட்ஸ் என்றால் 1800 அல்லது 3600. சுமை ஏறினாலும் இறங்கினாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை விட்டுக்கொடுக்காது. கடல்நீர் பம்பு எஞ்சினோடு பிணைந்தே சுற்றுவதால் அது தள்ளும் நீரின் அளவும் மாறக் கூடாது. சுமைக்கேற்ப வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் வகைகள் மட்டுமே விதிவிலக்கு. மற்றவற்றில், போன மாதம் வந்ததைவிட இப்போது நீர் குறைவாக வருகிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. "இன்று சுமை குறைவு, அதனால்தான்" என்ற சமாதானம் செல்லாது.

இதில் ஒரு வசதியும் உண்டு. ஜெனரேட்டர் நலமாக ஓடும் நாளில் புகைக்குழாய் வாயில் ஒரு வாளியைப் பிடித்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். 10 லிட்டர் வாளி 30 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 20 லிட்டர். பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும். மஃப்ளரிலிருந்து (புகையின் ஒலியை அடக்கும் கலம்) நீர் விட்டுவிட்டுத்தான் பீறிடும், அது இயல்பு. எனவே ஒரு வீச்சைப் பார்த்து முடிவு கட்டாமல் வாளி முழுவதும் நிரம்பும்வரை பிடியுங்கள்.

நீர் போகும் வழி

பெரும்பாலான படகு ஜெனரேட்டர்களில் இரண்டு நீர்ச்சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று கடல்நீர்ச் சுற்று. படகின் அடியிலுள்ள துளை, அதன்மேல் கடல்நீர் வால்வு, அங்கிருந்து ஹோஸ், வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் கொண்ட சுழலி) உள்ள பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், பல படகுகளில் ஆன்டி சைஃபன் வால்வு (ஜெனரேட்டர் நின்ற பிறகு நீர் தானே வழிவதைத் தடுப்பது), கடைசியாகப் புகையும் நீரும் கலக்கும் மிக்ஸிங் எல்போ. அங்கே புகையோடு கலந்த நீர் மஃப்ளருக்குள் விழுந்து, புகையின் அழுத்தத்தால் மேலே தள்ளப்பட்டு வெளியேறுகிறது. இரண்டாவது, மூடிய கூலண்ட் (குளிர்விப்புத் திரவம்) சுற்று: எஞ்சின் பிளாக், தெர்மோஸ்டாட், சுழற்சிப் பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கம். இரண்டு நீரும் ஒன்றையொன்று தொடாமல், குழாய்ச் சுவர் வழியாக வெப்பத்தை மட்டும் கைமாற்றிக்கொள்கின்றன.

எஞ்சின் சூடாகிறது என்றதும் பலர் முதலில் இம்பெல்லரைத்தான் கழற்றுகிறார்கள். பாதி நேரம் அது நிரபராதி. கடல்நீர் வால்வுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள சில அடி தூரத்தில்தான் தடைகளில் பெரும்பங்கு ஒளிந்திருக்கிறது. அந்த இடத்தைப் பார்க்க ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். எனவே, வெளியே நீர் வருகிறதா, எவ்வளவு வருகிறது, எப்போது குறைகிறது என்பதை முதலில் பாருங்கள். எதைக் கழற்றுவது என்பதை அந்த விடைதான் சொல்ல வேண்டும்.

கை வைக்கும் முன்

தானாக ஸ்டார்ட் ஆகும் அமைப்பு இருந்தால் அதை அணைத்து, பேட்டரி இணைப்பையும் துண்டியுங்கள். பம்புக்குள் விரல் இருக்கும்போது யாரோ குளிர்சாதனத்தைப் போட, ஜெனரேட்டர் தானே விழித்துக்கொள்ளும் ஆபத்து கற்பனையல்ல. சூடான எஞ்சினில் கூலண்ட் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில்தான் பாயும். கடல்நீர் வால்வை மூடினால் ஸ்டார்ட்டர் சாவியை அந்த வால்விலேயே தொங்கவிடுங்கள். வால்வு மூடியிருப்பதை மறந்து யாரும் ஸ்டார்ட் செய்துவிட மாட்டார்கள்.

புகைக்குழாய் ஹோஸ் கருகி இருந்தாலோ, அதன் இணைப்பில் கரி படிந்திருந்தாலோ, நீர்ப் பிரச்சினையை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அங்கிருந்து கசிவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு கேபினுக்குள் புகுந்தால் தூங்குபவர்கள் எழ மாட்டார்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆனது, வெளியே நீரே வரவில்லை

மஃப்ளர் நிரம்ப நேரம் பிடிக்கும் என்பதால் முதல் சில விநாடிகள் வெறும் புகை வருவது இயல்பு. அரை நிமிடம் கடந்தும் நீர் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். காதும் உதவும்: நீர் கலந்த புகை களகளவென்று கொப்பளித்து வரும், நீரில்லாத புகை வறட்சியாக, உரத்து ஒலிக்கும். இம்பெல்லருக்கு அது தள்ளும் நீரேதான் உயவு. உலர்ந்து சுற்றினால் ரப்பர் மிகச் சீக்கிரம் சூடேறிக் கிழிந்துவிடும்.

முதலில் கடல்நீர் வால்வு. திறந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். தண்டு அரித்துப்போன பந்து வால்வில் கைப்பிடி திரும்பும், உள்ளேயுள்ள பந்து திரும்பாது. வெளியிலிருந்து பார்க்க வால்வு திறந்தே தெரியும்.

அடுத்து வடிகட்டி. வால்வை மூடிக்கொண்டு மூடியைக் கழற்றிக் கூடையை வெளியே எடுங்கள். பாசி, இலை, ஜெல்லி மீனின் கூழ், சிறு மீன் என்று எதுவும் இருக்கலாம். கூடை சுத்தமாக இருந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. கூடை வெளியே இருக்கும்போதே வால்வை மெதுவாகத் திறங்கள். வடிகட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் நீர் பொங்கி ஏற வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. அப்போது வால்விலிருந்து ஹோஸைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இங்கே கவனம் தேவை. ஒரு கை வால்வின் கைப்பிடியிலேயே இருக்கட்டும். துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். வால்வைத் திறந்தால் நீர் துளை நிறைய குபுகுபுவென்று எழ வேண்டும். சோம்பலாகக் கசிந்தால் தடை படகுக்கு வெளியேதான்.

வெளித்தடை இரண்டு வகை. ஒன்று, பிளாஸ்டிக் பை, பாசிக் கொத்து, வலைத்துண்டு போன்றவை துளையின் வாயில் ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) சிப்பியும் துளைக்குள்ளேயே வளர்ந்து வழியை அடைப்பது. முதல் வகைக்கு, வால்வில் ஒரு ஹோஸைப் பொருத்தி, சிறு படகுகளுக்குக் காற்றடிக்கும் கால்பம்பால் வெளிப்புறமாக அழுத்தினால் போதும். அடைப்பு கழன்று, வெளியே குமிழ்கள் எழுவதைப் பார்க்கலாம். இரண்டாம் வகை காற்றுக்கு அசையாது. வால்வைத் திறந்து உள்ளிருந்து கம்பி விட்டுச் சுரண்டலாம், அல்லது வெளியே நீரில் இறங்கிச் சுரண்ட வேண்டும். துளையின் வெளியே கம்பிவலை மூடி இருந்தால் உள்ளிருந்து சுரண்ட முடியாது. அந்த மூடியின் பின்புறம் கொட்டலசுக்கு வசதியான குடியிருப்பு. நீரில் இறங்குவதென்றால் எல்லா எஞ்சின்களும் அணைந்திருக்க வேண்டும்.

ஹோஸ் வாயில் நீர் நன்றாக வருகிறது, பம்பு தள்ளவில்லை என்றால், அப்போதுதான் பம்பின் முறை.

பம்பைத் திறந்தால் என்ன பார்ப்பது

வால்வை மூடி, முன்மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். அவை சிறியவை, பில்ஜில் (படகின் அடிக்குழி) விழுந்தால் கிடைக்காது. பம்புக்குக் கீழே ஒரு துணியை விரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இம்பெல்லரை இழுக்கும் முன் அது இருக்கும் நிலையிலேயே பாருங்கள். இதழ்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன? எல்லா இதழும் இருக்கின்றனவா? பிறகு அதற்கான கழற்றியால் நேராக வெளியே இழுங்கள். இரண்டு ஸ்குரூ டிரைவர்களை வைத்து நெம்பலாம், ஆனால் பம்பின் உள்விளிம்பில் கீறல் விழாமல் நெம்ப வேண்டும். கையில் எடுத்ததும் ஒவ்வோர் இதழையும் அதன் வேரிடத்தில் பின்னுக்கு மடக்கிப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத விரிசல் மடக்கினால் வாய் திறக்கும். ஓர் இதழில் விரிசல் இருந்தாலும் அந்த இம்பெல்லர் முடிந்தது. நீண்ட நாள் ஓடாமல் கிடந்த ஜெனரேட்டரில் விரிசலே இல்லாமல் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போயிருக்கும்; அவை பம்பின் சுவரை அழுத்தித் தொடுவதில்லை, நீரையும் உறிஞ்சுவதில்லை.

ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. இதழ்கள் புத்தம் புதிதாக இருக்கும், ஆனால் நடுவிலுள்ள உலோகப் புஷ்ஷிலிருந்து ரப்பர் பிரிந்து வழுக்கும். தண்டு சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும். கையால் திருகும்போது பிடிப்பாகவே தோன்றும். நீரின் எதிர்ப்பும் வெப்பமும் சேர்ந்தால்தான் வழுக்கும். புஷ்ஷுக்கும் ரப்பருக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டு, சிறிது நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

இதழ் ஏதாவது காணாமற்போயிருந்தால் புது இம்பெல்லரைப் போட்டுவிட்டுக் கை கழுவக் கூடாது. பல ஜெனரேட்டர் வேலைகள் அரைகுறையாக நின்றுபோவது இந்த இடத்தில்தான். பிய்ந்த ரப்பர் நீரோடு முன்னே போயிருக்கும். அது நிற்கும் முதல் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயில் அல்லது அதற்கு முந்தைய வளைவு. பம்பின் வெளியேற்ற ஹோஸைக் கழற்றுங்கள், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைக் கழற்றுங்கள், கிடைத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு பொருத்தி எதுவும் பாக்கியில்லை என்று உறுதி செய்யுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அது சில குழாய்களை அடைத்துக்கொண்டு கிடக்கும். சூடு ஏன் அடங்கவில்லை என்று அப்புறம் மண்டையைக் குடைய வேண்டியிருக்கும்.

முன்மூடியின் உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் இதழின் ஓரமாக நீர் திரும்பி வழிகிறது. சில மூடிகளைப் புரட்டிப் போடலாம், இல்லையேல் புது மூடிதான். உள்ளே இதழ்களை மடக்கும் மேடு போன்ற கேம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸ்கெட்டின் தடிமனும் முக்கியம். கையில் அகப்பட்ட தடித்த தாளை வெட்டிப் போட்டால் இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி விழுந்து பம்பு உறிஞ்சும் திறனை இழக்கும்.

புது இம்பெல்லருக்குக் கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் திரவம் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். அதில் ரப்பர் உப்பிப்போகும். சுற்றும் திசைக்கேற்ப இதழ்களை மடக்கியபடி திருகி உள்ளே தள்ளுங்கள்.

பெல்ட்டால் சுற்றும் பம்பு என்றால் இவ்வளவும் செய்யும் முன் பெல்ட்டை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அறுந்த பெல்ட்டைக் கவனிக்காமல் பம்பைப் பிரித்தவர்கள் உண்டு.

அறிகுறி: நீர் வருகிறது, ஆனால் மெலிந்து வருகிறது

இங்கே ஒரே சோதனை பாதி வேலையை முடித்துவிடும். வால்வை மூடிவிட்டு, பம்பின் உறிஞ்சும் பக்க ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் வேறொரு குட்டையான ஹோஸைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீர் நிறைந்த பெரிய வாளியில் போடுங்கள். வாளி பம்பின் உயரத்திலேயே இருக்கட்டும். ஓட்டிப் பாருங்கள், வாளி வேகமாகக் காலியாகும், ஒருவர் நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது வெளியே நீர் முழு வேகத்தில் வந்தால் பம்பும் அதற்கப்பாலும் நலம். கோளாறு வால்வுக்கும் பம்புக்கும் நடுவே. இப்போதும் மெலிந்தே வந்தால் பம்பிலோ அதற்கு அடுத்தோ கோளாறு.

உறிஞ்சும் பக்கம் என்றால் அடைப்பைத் தேடுவதோடு காற்றையும் தேடுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே தளர்ந்திருக்கும் எந்த இணைப்பும் உள்ளே காற்றை உறிஞ்சும், ஆனால் வெளியே ஒரு சொட்டும் கசியாது. அதனால்தான் இந்தக் கோளாறு கண்ணில் படுவதில்லை. முதல் சந்தேகம் வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம். கூடையைச் சுத்தம் செய்துவிட்டு மூடும்போது ஒரு மணல் துகளோ பாசி இழையோ வளையத்தின் கீழே அகப்பட்டால் போதும். "நேற்றுத்தான் வடிகட்டியைச் சுத்தம் செய்தேன், இன்று நீர் குறைகிறது" என்றால் நேராக அங்கே போங்கள். மூடி கண்ணாடியாக இருந்தால் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழ்கள் ஓடக் கூடாது, நீர் மூடியைத் தொட்டு நிற்க வேண்டும். கண்ணாடி இல்லையென்றால் பம்புக்குச் சற்று முன்னால் தற்காலிகமாக ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸை இணைத்துப் பார்க்கலாம்.

பிறகு ஹோஸ். உறிஞ்சும் பக்கத்தில் கம்பிச்சுருள் வைத்த ஹோஸ்தான் இருக்க வேண்டும். சாதாரண ஹோஸ் சூடேறி மென்மையானதும் உறிஞ்சும் விசையில் தட்டையாகிவிடும், அதுவும் ஓடும்போது மட்டும்; நிறுத்திவிட்டுப் பார்த்தால் உருண்டையாகச் சாதுவாக இருக்கும். பழைய ஹோஸ்களில் உள்ளுறை பிரிந்து மடல்போலத் தொங்கும். ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் ஒளியடித்து மறுமுனையில் கண் வைத்துப் பாருங்கள்.

கோளாறு பம்புக்கு அப்பால் என்றால் வெளியேற்ற ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எந்த இடம்வரை நீர் தாராளமாக வருகிறது என்று பாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு முன்னால் தாராளம், பின்னால் மெலிவு என்றால் உள்ளே ரப்பர்த் துண்டு, உப்புப் படிவு, அல்லது உதிர்ந்த துத்தநாகம். ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரிப்பிலிருந்து காக்க வைத்திருக்கும் துத்தநாகக் கட்டை கரையும்போது துண்டாக உடைந்து குழாய்களின் வாயில் விழுவதுண்டு. பாதி கரைந்ததுமே அதை மாற்றிவிடுவதும், மாற்றும்போது உள்ளே விழுந்த துகளை வழித்தெடுப்பதும் இதற்காகத்தான். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இருபுறமும் தாராளம், வாயில் மட்டும் மெலிவு என்றால் மிக்ஸிங் எல்போ. அதைத் தனியே பார்ப்போம்.

அறிகுறி: நீர் நன்றாகவே வருகிறது, ஆனாலும் எஞ்சின் சூடாகிறது

வாளிக் கணக்கு சரியாக இருக்கும்போது கடல்நீர்ப் பம்பை நோண்டுவது வீண் வேலை. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இங்கே பெரிதும் கைகொடுக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சரை விட்டு வெளியேறும் கடல்நீர்க் குழாயில் அளந்து பாருங்கள். கடல்நீர் குறைவாகப் பாய்ந்தால் அந்தச் சிறிதளவு நீர் நிறைய வெப்பத்தை ஏற்றுக்கொண்டு மிகவும் சூடாக வெளியேறும். பாய்வு நன்றாக இருந்து, எஞ்சின் கொதிக்க, வெளியேறும் கடல்நீர் மட்டும் குளிர்ந்தே இருந்தால், வெப்பம் கடல்நீரைச் சென்றடையவே இல்லை என்று பொருள்: குழாய்களில் படிவு ஏறியிருக்க வேண்டும், அல்லது கூலண்ட் சுழலவில்லை.

எஞ்சின் ஆறிய பின் கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு ஏன் குறைந்தது என்று தேடுங்கள். வெளியே கசிவு இல்லையென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாயில் ஓட்டை விழுந்து கூலண்ட் கடலோடு போயிருக்கலாம். தொட்டியில் குமிழ்கள் விடாமல் எழுந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்குரியது. அழுத்த மூடியின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் கூலண்ட் சீக்கிரமே கொதித்து வழியும். மூடி மலிவு, மாற்றிப் பாருங்கள்.

சமீபத்தில் கூலண்ட் மாற்றியிருந்தால் காற்று அடைபட்டிருக்கலாம். உயரமான இடத்திலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழின்றிக் கூலண்ட் வழியும்வரை நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சூடுபடுத்தும் நீரில் வெப்பமானியோடு போட்டுப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். பழுதென்றால் புதிது போடுங்கள். அதை எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டுவது தீர்வல்ல.

படிவு என்றால், அமிலம் கலந்த படிவு நீக்கியைச் சுழலவிட்டுக் கரைக்கலாம். துத்தநாகக் கட்டையை முதலில் எடுத்துவிடுங்கள், இல்லையேல் அமிலம் அதைத்தான் தின்னும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அலுமினியப் பாகம் இருந்தால் அதற்கு ஏற்றது என்று குறிப்பிட்ட திரவம் மட்டும். சில ஜெனரேட்டர்களில் கூலண்ட் சுற்றே இருக்காது, கடல்நீரே பிளாக்குக்குள் ஓடும். அவற்றில் ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டினால் உப்பும் சுண்ணமும் வேகமாகப் படியும். அதனால்தான் அவற்றுக்குக் குறைந்த வெப்பநிலைத் தெர்மோஸ்டாட். கூலண்ட் சுற்றுள்ள எஞ்சினின் தெர்மோஸ்டாட்டை அங்கே பொருத்தக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சுமை ஏறும்போது மட்டும் சூடானால், சுமை அளவுக்கு மீறியதா, எஞ்சின் அறைக்குக் காற்று வருகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: புகையோடு நீராவி, புகைக்குழாய் ஹோஸ் சுடுகிறது

முதலில் அது நீராவிதானா? நீராவி சிறிது தூரத்தில் காற்றில் கரைந்துவிடும். எரியாத டீசலின் வெண்புகை நீரின்மேல் தவழ்ந்து நிற்கும், நெடியும் அடிக்கும். குளிர்ந்த காலையில் கொஞ்சம் ஆவி எழுவது எதையும் குறிக்காது.

மிக்ஸிங் எல்போவை அடுத்த ஹோஸில் கையை நெருக்கிப் பார்த்து, பிறகு தொடுங்கள். நலமாக ஓடும் எஞ்சினில் அங்கே கை வைத்திருக்க முடியும். சுட்டால் நீர் போதவில்லை அல்லது சரியாகக் கலக்கவில்லை. எல்போவைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் உப்பு, நடுவே இரண்டும் கலந்து கல்லாகிப்போன அடைப்பு. பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் துளை மிஞ்சியிருப்பதும் உண்டு. இந்த அடைப்பு நீரையும் தடுக்கும், புகையையும் தடுக்கும். அதனால் நீர் மெலிவதோடு கரும்புகையும் சுமை தாங்காத திணறலும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் எல்போதான். சுரண்டிப் போடும்போது சுவரின் தடிமனையும் தட்டிப் பாருங்கள். மெலிந்திருந்தால் மாற்றுங்கள், உட்சுவர் ஓட்டையானால் நீர் எஞ்சின் பக்கம் திரும்பும்.

அறிகுறி: சற்று நேரம் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடுகிறது

நின்றதும் போய்ப் பார்த்தால் எல்லாமே ஒழுங்காக இருக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓடும். பேய் பிடித்ததுபோலத் தோன்றும் இந்தக் கோளாறுக்கு மிகச் சாதாரணமான விளக்கம் உண்டு: துளையின் வெளியே ஒட்டிய பிளாஸ்டிக் பை. உறிஞ்சும்போது ஒட்டும், நின்றால் விலகும். முன்பு சொன்ன தட்டையாகும் ஹோஸும் மடல் தொங்கும் ஹோஸும் இதே நாடகத்தை ஆடும். எனவே நிறுத்தாமல், ஓடும்போதே நீர் குறையும் தருணத்தில் ஹோஸைத் தடவிப் பார்க்க வேண்டும். படகு சாயும்போது அல்லது அலையில் உருளும்போது மட்டும் நின்றால் துளை நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து காற்றை உறிஞ்சுகிறது. அதற்குத் துளையின் இடத்தையே மாற்ற வேண்டும்.

அறிகுறி: அலாரம் மட்டும் அடிக்கிறது

வாளிக் கணக்கும் வெப்பமானியும் நலம் என்று சொல்ல, கட்டுப்பாட்டுப் பலகை மட்டும் சூடு என்று ஜெனரேட்டரை அணைத்தால், சென்சாரின் முனையில் பச்சைத் துரு ஏறியிருக்கலாம். கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். எந்தச் சென்சார் அணைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: புகை வெப்பச் சென்சார் என்றால் கடல்நீர்ச் சுற்று, கூலண்ட் சென்சார் என்றால் இரண்டில் எதுவும். சென்சாரைத் துண்டித்துவிட்டு ஓட்டும் யோசனை வந்தால், புகைக்குழாய் ஹோஸ் ரப்பர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நீர் போகக் கூடாத இடத்தில் நீர்

பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் தண்டின் சீல் தேய்ந்துவிட்டது. சொட்டுவதைக் கண்டு அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள். நேராக எஞ்சினில் பொருந்திய பம்பில், வெளியேற வழியில்லாத கடல்நீர் எஞ்சின் ஆயிலுக்குள் போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து புகைக்குழாய் வழியாக வருவது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் மறுபடி மறுபடி சுழற்றிக்கொண்டே இருந்தால் கடல்நீர்ப் பம்பு ஒவ்வொரு முறையும் மஃப்ளருக்குள் நீரைத் தள்ளும். அதை வெளியேற்றப் புகையின் அழுத்தம் இருக்காது. மஃப்ளர் நிரம்பி நீர் பின்னோக்கி ஏறி எஞ்சினின் புகை வால்வுகள் வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் எஞ்சினைச் சுழற்றும்போது கடல்நீர் வால்வை மூடிக்கொண்டு, பிடித்ததும் உடனே திறக்க வேண்டும் என்பது இதனால்தான். முன்னோக்கி வாய் திறந்த துளையும் இதே வேலையைச் செய்யும்: படகு ஓடும்போது, நின்றிருக்கும் ஜெனரேட்டருக்குள் நீரை அழுத்தித் தள்ளும்.

நீர் சேரும் எல்போ நீர்மட்டத்துக்குக் கீழே, அல்லது அதற்குச் சற்றே மேலே இருந்தால் ஆன்டி சைஃபன் வால்வு அவசியம். நீர்மட்டத்துக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் மேலே, படகு சாய்ந்தாலும் மூழ்காத இடத்தில் அது இருக்க வேண்டும். அதன் சிறு ரப்பர் மடல் உப்பால் ஒட்டிக்கொண்டால், ஜெனரேட்டர் நின்ற பிறகும் நீர் தானே வழிந்து எஞ்சினை நிரப்பும். ஒட்டாமல் திறந்தே கிடந்தால் அங்கே நீர் தெறித்துச் சுற்றிலும் உப்புப் பூக்கும். வெந்நீரில் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்டார்ட்டரை அழுத்தியதும் டக் என்ற ஒரே ஒலியோடு எஞ்சின் முட்டி நின்றால், அதற்கு முன் நீர் ஏற வாய்ப்பிருந்தால், இரண்டாம் முறை அழுத்த வேண்டாம். நீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கடல்நீர் வால்வை மூடி, மஃப்ளரின் அடித்திருகைத் திறந்து வடியுங்கள். இன்ஜெக்டர்களை அல்லது குளோ பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றி நீரை வெளியேற்றுங்கள். துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் காபியில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் வடித்துப் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, சில நிமிடம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். வெளுப்பு மறையும்வரை இது தொடரும். எல்லாவற்றையும் அன்றே முடிக்க வேண்டும். உப்புநீர் பட்ட சிலிண்டர் சுவரும் பேரிங்கும் நாளைவரை காத்திருக்காமல் துருப்பிடிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கினாலும், நீர் ஏறிய வழி எது என்று தெரிந்து அடைக்கப்படும்வரை ஒவ்வொரு முறை நிறுத்தியதும் கடல்நீர் வால்வைக் கையால் மூடிவிடுங்கள்.